பரணியும் சொற்புதிரும்

சொல்லை மறைத்து விளையாடுதல் தமிழர்க்குப் புதிதன்று. தொல்காப்பியர் பிசியென ஒன்றனை வகுத்தார். ஒரு சொல்லின் எழுத்துக்களை ஒவ்வொன்றாக நீக்க வேறு சொற்கள் பிறக்கும் அக்கரச்சுதகத்தைத் தண்டியலங்காரம் சித்திரகவிகளுள் ஒன்றாக வைத்தது. அந்நூலின் எடுத்துக்காட்டுச் செய்யுட்கள் புகழும் அனபாயனாகிய இரண்டாங் குலோத்துங்கனுக்குத் தலைநகர் கங்கைகொண்ட சோழபுரம்.

அவன் பாட்டனாகிய முதற் குலோத்துங்கனின் அவைக்களப் புலவர் சயங்கொண்டார், கலிங்கத்துப்பரணியில் ஓர் கற்பனையுலகையே படைத்தார். ஆங்குக் காளிக்குக் கோயிலுண்டு. பசியால் வாடும் பேய்களுண்டு. இமயத்தினின்று மீண்டு இந்திரசாலங் காட்டும் முதுபேயுமுண்டு. போர்க்களத்தில் அட்ட கூழைக் குருட்டுப்பேயும் ஊமைப்பேயும் கனாக்கண்ட பேயும் பெறுகின்றன. அயல்நாட்டு மாயக்கதைகளைக் கொண்டு சொற்புதிர் புனைந்து மகிழும் மாணவர் இவ்வுலகை நாடாதிருப்பது ஏன்?

யாம் புனைந்த இரண்டினைக் காண்க. 'தலைவியின் முதலெழுத்தில் ஆகாரம் ஊகாரமாயின், அவளை வணங்கும் கூட்டம்.' காளி, கூளியாகும். 'பரணி பாடிய நாடு தலையிழந்தால், சோழபுரத்துக் கருவறையில் நிற்கும்.' கலிங்கம், லிங்கமாகும். கதையறிந்தார் கதைவழிச் சென்று விடை காண்பர். அறியாதார் எழுத்துவழிச் சென்று அதனையே காண்பர்.

இவ்விரு வழியும் திறந்திருத்தலே நற்புதிரின் இலக்கணம் என்பது எம் கருத்து. அரிய கதையை எவ்வளவு பொதிகின்றோமோ அவ்வளவு புதிர் சிறக்கும் என்பாருளர். யாம் உடன்படோம். சிம்சோன் விருந்தினரிடம் விடுத்த விடுகதையை நினைமின்: சிங்கத்தின் உடலில் தேன் கண்டதை அவனன்றிப் பிறரறியார், அவர் எங்ஙனம் விடுவிப்பர்? 1937-இல் டோல்கீன் வெளியிட்ட 'ஹாபிட்' என்னுங் கதையிலும், தன் பையிலுள்ளது யாதென்று பில்போ வினவ, அது நேர்மையன்றென எதிராளி முறையிடுகின்றான். அம்முறையீடு நியாயமானதே. விடை, வினவுவோன் நெஞ்சில் மட்டும் கிடத்தலாகாது. வினாவின் சொற்களிலேயே இருத்தல் வேண்டும்.

இஃது விளையாட்டின் விதி மாத்திரமன்று. நூல்கள் நிறைந்த இல்லத்தில் வளர்ந்தாரும், கல்லூரிக்கு வந்தபின்னரே பரணியின் பெயர் கேட்டாரும் ஒரே வகுப்பில் அமர்ந்திருக்கின்றோம். கற்றார் தம் கல்வியைக் காட்டும் புதிர், மற்றவர்க்கு அடைத்த கதவாகும். எழுத்தைக் கூட்டியும் குறைத்தும் கூளியைக் கண்டுபிடித்த மாணவனோ, அஃது யாதென்றறியப் பரணியைக் கையிலெடுப்பான். தேர்வுக்கன்றித் தானே விரும்பி ஒருவன் பழநூலைத் திறப்பது சிறிய பயனோ?

ஆதலின், இவ்விதழின் தமிழ்ப்பகுதியில் ஆண்டுதோறும் ஒரு பக்கத்தை இத்தகைய புதிர்களுக்கு ஒதுக்குமாறு ஆசிரியர் குழுவை வேண்டுகின்றோம்.