பாரமான பழம்



இம்முறை ஒரு கடிதத்திலிருந்தே தொடங்குகிறேன். உம்மா வபாத்தான பின் இரு சகோதரிகளுக்கு வந்த பொருட்களில் இரண்டு வெள்ளிப் பழங்களும் இருந்தனவாம். ஒன்று அப்பிள், மற்றது மாதுளை. வளைகுடாவில் தொழில் செய்த வாப்பா வெவ்வேறு காலங்களில் கொண்டுவந்து கண்ணாடி அலுமாரியில் வைத்தவை. அப்பிள் பளபளப்பானது, கையில் எடுத்தால் நல்ல பாரம். மாதுளை கறுத்துப்போய், இலேசாக இருக்கிறது. "வெள்ளி என்றால் நிறைதானே" என்று ராத்தா அப்பிளை எடுத்துக்கொண்டார். தங்கைக்கு மனக்குறை. நிறை பார்த்துப் பங்கு வைத்தது சரியா என்று கேட்டிருக்கிறார். இரண்டு பழங்களின் அடியிலும் உள்ள எழுத்துகளையும் பார்த்து எழுதி அனுப்பியிருக்கிறார். கடிதத்தில் மிகவும் பிரயோசனமான பகுதி அந்த எழுத்துகள்தான்.

பெண்மக்களுக்குள் பங்கு சமம். அது பெறுமதியில் சமமாக இருக்க வேண்டும். தராசில் சமமாக இருந்து பயனில்லை. பெறுமதியை அறிய, பொருள் என்ன என்று முதலில் தெரிய வேண்டும்.

முழுக்க வெள்ளியால் நிரம்பிய பழம் என்று ஒன்று இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். 7 சென்ரிமீற்றர் குறுக்களவுள்ள ஓர் அப்பிளை உள்ளே இடைவெளியில்லாமல் வெள்ளியால் வார்த்தால் அது 1 கிலோ 800 கிராமுக்கு மேல் நிறுக்கும். யார் அப்படிச் செய்வார்? வெள்ளித் தகட்டை இரு பாதிகளாகக் குழித்து, ஓரத்தில் பற்றவைத்து, காம்பையும் இலையையும் தனியாகச் செய்து பொருத்துவதே வழக்கம். தகடு அரை மில்லிமீற்றர் தடிப்பு என்றால் அதே அளவுப் பழம் ஏறத்தாழ 80 கிராம்தான் வரும். ஆகவே உண்மையான வெள்ளிப் பழம் பார்வைக்குப் பெரிதாகவும் கைக்கு இலேசாகவும் இருப்பது இயல்பு. அதே அளவுப் பழம் 250, 300 கிராம் காட்டினால், உள்ளே வேறு ஏதோ அடைத்திருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். விரல் நகத்தால் தட்டிப் பாருங்கள். வெற்று வெள்ளி மெல்லக் கிணுங்கும்; அடைத்தது 'டொக்' என்று மரம்போல் சத்தமிடும்.

ராத்தாவின் அப்பிளில் 925 என்ற இலக்கமும், அருகே 'லெமினேட்டட்' என்ற ஆங்கிலச் சொல்லும் உள்ளனவாம். 925 என்றால் ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி. அது பொய்யல்ல. ஆனால் அந்த இலக்கம் மேல்தோலுக்கு மட்டுமே பேசுகிறது. உள்ளே இருப்பது ரெசின் என்னும் செயற்கைப் பிசின். அதன்மேல் மிக மெல்லிய வெள்ளிப் படலம். இத்தாலியில் படச்சட்டங்கள், பழங்கள், சிறு அலங்காரப் பொருட்கள் என்று நிறைய இம்முறையில் செய்கிறார்கள். அழகான அன்பளிப்புத்தான், சொல்லையும் மறைக்காமல் பொறித்திருக்கிறார்கள். உருக்கினால் மிஞ்சுவது சொற்பம்.

மாதுளையின் அடியில் 84 என்ற இலக்கமும், அரபு எழுத்துப் போன்ற ஒரு சிறு பெயரும் இருப்பதாகத் தங்கை எழுதுகிறார். ஈரானிய வெள்ளிப் பொருட்களில், குறிப்பாக இஸ்பஹான் வேலைப்பாடுகளில், இப்படித்தான் இருக்கும். அங்கே 84 என்றால் நூற்றுக்கு 84 பங்கு வெள்ளி; பெயர் செய்த கைவினைஞருடையது. (பழைய ரஷ்யப் பொருட்களிலும் 84 உண்டு. அது 96இல் 84, அதாவது 87.5 வீதம். ஆனால் ரஷ்யப் பொருளில் பொதுவாகப் பாரசீக எழுத்து இராது.) குர்ஆன் ஓதிப் பழகிய உங்கள் கண்களுக்கு அந்தப் பெயரைக் கூட்டி வாசிப்பது பெரிய காரியமல்ல, நகைக்கடைக்காரர் பலருக்கு அது வெறும் கீறலாகவே தெரியும். பூதக்கண்ணாடியால் பூவேலையையும் பாருங்கள். அச்சில் அடித்த பூக்கள் ஒன்றைப்போல் ஒன்று இருக்கும். உளியால் கொத்திய பூக்களில் ஒன்றுக்கொன்று சிறு வித்தியாசம் தெரியும்.

இலக்கத்துக்குப் பதில் 'ஈ.பீ.என்.எஸ்.' என்று இருந்தால் அது வெள்ளி முலாம் மட்டுமே. அடியிலிருப்பது செம்பு, நிக்கல், நாகம் கலந்த உலோகம். ஜேர்மன் வெள்ளி என்று நம்மவர் சொல்வதும் இந்தக் கலவையைத்தான். அதில் துளி வெள்ளியும் இல்லை. ஆங்கிலேயப் பொருளில் நடந்து செல்லும் சிங்கம் இருந்தால் அது 925 தர வெள்ளி. காந்தத்தை நம்பாதீர்கள். வெள்ளி அதில் ஒட்டாது, செம்பும் பித்தளையும்கூட ஒட்டாது. எக்ஸ்ரே கதிர் இயந்திரம் வைத்துச் சோதிக்கும் கடைகளிலும் ஒரு சிக்கல் உண்டு. அந்தக் கதிர் மேற்பரப்பை மட்டுமே வாசிக்கும். ராத்தாவின் அப்பிளை வைத்தாலும் 925 என்றுதான் காட்டும்!

இனி விலை. மாதுளை 90 கிராம் என்று எடுத்தால், அதில் சுத்த வெள்ளி 75.6 கிராம். உலகச் சந்தையில் வெள்ளிக்குச் சொல்லும் அவுன்ஸ் 31.1 கிராம், சமையலறை அவுன்ஸ் 28.35 கிராம். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். கணக்கில் வருவது உலோகத்தின் விலை மட்டும். கைவேலைக்கு, அது நெளியாமலும் பெயர் அழியாமலும் இருந்தால், தனி விலை உண்டு. அதைத் தருபவர் பழம்பொருள் வாங்குபவர். உருக்குவதற்கு வாங்குபவர் ஒருபோதும் தரமாட்டார்.

ஆக, மனக்குறைப்பட்ட தங்கையின் கையில்தான் பெறுமதி கூடிய பழம் இருக்கிறது. சகோதரி, நீங்கள் எதிர்பார்த்த பதில் இதுவல்ல என்பது தெரியும். பொருளைக் கையில் எடுத்துப் பார்க்காத நான் உறுதியான விலை சொல்ல முடியாது. ஆயினும் இதை வாசித்த பின் ராத்தாவிடம் சொல்லாமல் இருப்பது உங்களுக்கு ஆகாது. இருவரும் சேர்ந்து விலை பார்க்கச் செய்யுங்கள். மாதுளை உங்களுக்கு விருப்பம் என்றால் அதை வைத்துக்கொண்டு, வித்தியாசத்தைப் பணமாகக் கொடுங்கள். தெரிந்துகொண்டு ராத்தாவே மனப்பொருத்தத்துடன் விட்டுத் தந்தால் அது வேறு.

ஸகாத்தையும் சொல்லிவிடுகிறேன். பெண்கள் அணியும் ஆகுமான நகைக்கு ஷாபிஈ மத்ஹபில் ஸகாத் இல்லை. அலுமாரிப் பழம் அணியும் நகையல்ல. எனவே அந்தச் சலுகை அதற்கு இல்லை. வெள்ளியின் நிஸாப் 595 கிராம் என்பதால் தனி ஒரு பழத்துக்குக் கடமையாகாது, மற்ற வெள்ளியுடனும் பணத்துடனும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கலப்பை நீக்கிச் சுத்த வெள்ளியை மட்டும் எண்ணுங்கள்.

கடையில் "பழத்தைத் தாருங்கள், கொலுசு தருகிறேன்" என்பார்கள். வெள்ளிக்கு வெள்ளி மாற்றினால் நிறை சமமாக, கைக்குக் கை இருக்க வேண்டும் என்பது மார்க்கச் சட்டம். முதலில் விற்றுப் பணத்தைக் கையில் வாங்குங்கள், பிறகு கொலுசை வாங்குங்கள். பழத்துக்கு உண்மையில் எவ்வளவு தந்தார்கள் என்பதும் அப்போதுதான் வெளிச்சத்துக்கு வரும்.

விற்கப்போகிறோம் என்று மாதுளையைப் பற்பசை போட்டுத் தேய்க்க வேண்டாம். கொத்துவேலை தேயும், பெயரும் போகும். மெல்லிய சவர்க்கார நீரில் கழுவித் துடைத்தால் போதும். உலோகத்தின் தூய்மையை அறிய தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபையை விசாரியுங்கள். குறைந்தது இரண்டு கடைகளில் விலை கேளுங்கள். "ஒரு சிறு துளை போட்டு உள்ளே பார்க்கலாமா?" என்று யாராவது கேட்டால், மாதுளைக்குச் சம்மதிக்க வேண்டாம். அப்பிளுக்கு அது தேவையே இல்லை.