வந்தவர் வயிறும் வரவுசெலவுக் கணக்கும்

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் அவ்வூர் தன் அளவில் நில்லாது. குடிக்கணக்கின்படி சில ஆயிரம் பேரே வாழும் ஒரு பேரூராட்சி, விடுமுறை நாளொன்றில் அதனைப்போற் பன்மடங்கு மக்களுக்குக் குடிநீர் தரல் வேண்டும். அவர்கள் விட்டெறிந்த குப்பையை அள்ளல் வேண்டும். ஒளியும் வழியும் காத்தல் வேண்டும். மக்கள்தொகையை அளவுகோலாக்கி மேலிருந்து வரும் பணமோ அச்சில ஆயிரம் பேருக்கே வரும். அருவியில் நனைந்து செல்பவன் சென்னையிலோ கொல்லத்திலோ எண்ணப்பட்டவன். அவனுக்குரிய பங்கு அவனூருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். கடைக்குத்தகையால் ஊர்க்கு வருவாய் உண்டென்பதும் மெய்யே. ஆயினும் எண்ணப்படும் இடம் ஒன்று, செலவு விழும் இடம் மற்றொன்று என்னும் இச்சிறு கணக்கை உள்ளத்திருத்திக் கொண்டால், தமிழ்நாட்டின் பெருங்கணக்கு எளிதின் விளங்கும்.

‘வந்தேறிகள் நம் கருவூலத்தைத் தின்று தீர்க்கின்றனர்’ என்னும் பேச்சு இன்று நம் கூட்டங்களிலும் மிகுதியாகக் கேட்கின்றது. பேசுவோர் ஈழத்து ஏதிலியரையும் வடபுலத்துக் கூலியாளரையும் ஒரே சாக்கிலிட்டுக் கட்டுகின்றனர். இது பிழையான கட்டு. முதற்கண் அதனை அவிழ்ப்போம்.

1983 சூலைக் கொடுமைக்குப்பின் கடல்கடந்து வந்த நம் உடன்பிறப்புகளுள் ஏறத்தாழ ஐம்பத்தெண்ணாயிரவர் தங்கல்களிலும், முப்பத்து நாலாயிரவர் வெளியிலும் வாழ்கின்றனர் என்று 2021 ஆகத்தில் தமிழகச் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பெற்றது. அவர்களுக்கு வீடு, கல்வி, உதவித்தொகை எனப் பலவற்றிற்கும் சேர்த்து அன்று ஒதுக்கப்பெற்ற தொகை 317 கோடி உருவா. அவ்வாண்டில் தமிழக அரசின் வருவாய்ச் செலவு மதிப்பீடோ 2,61,000 கோடிக்கு மேல். வகுத்துப் பாருங்கள், நூறு உருவாவில் பன்னிரண்டு காசு. அதுவும் ஓராண்டில் முடியும் செலவன்று. ஆயிரக்கணக்கான வீடுகளைக் கட்டித்தரும் செலவும் அதனுள் அடங்கும். இப்பன்னிரண்டு காசையா சுமை என்பது?

சுமை வேறிடத்தில் இருக்கின்றது. 1987 சூலை முதல்நாளுக்குப் பின் இம்மண்ணில் பிறந்த குழந்தைக்கும், பெற்றோருள் ஒருவரேனும் இந்தியக் குடியுரிமை உடையரல்லர் எனின், பிறப்பால் குடியுரிமை இல்லை. நம் பள்ளியில் நம் செலவில் படித்து, நம் கல்லூரியில் பட்டமும் பெற்று வெளிவரும் அவ்விளைஞன் அரசுப் பணிக்கு மனுச்செய்ய இயலாது. கடவுச்சீட்டுப் பெற இயலாது. விதைநெல்லைக் கொடுத்து, உழுது, நீர்பாய்ச்சி, அறுவடை நாளில் வயலுக்கு வேலியிட்டுப் பூட்டுவார் உண்டோ? நடுவணரசு செய்வது அதுவே. 2019-இல் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தி மூன்று நாட்டு ஏதிலியர்க்கு வழிதிறந்தபோதும் ஈழத்தமிழரை வாயிலின் வெளியிலேயே நிறுத்திற்று. உதவித்தொகை நீள்வதற்குக் காரணம் அம்மறுப்பே.

மறுக்காமல் ஏற்றுக்கொண்டபோது நிகழ்ந்தது யாது? 1964-இல் சாத்திரியும் சிரிமாவோவும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி 5,25,000 மலையகத் தமிழரை இந்தியா ஏற்கவேண்டியதாயிற்று. அவர்களைக் கேட்டுச் செய்த உடன்படிக்கையன்று அது. நூற்றாண்டுக்கு மேலாக அவர்தம் முன்னோர் குருதியால் விளைந்த தேயிலையை இலங்கை வைத்துக்கொண்டது, ஆட்களை மட்டும் அனுப்பியது. வந்தவருள் ஒரு பகுதியினரைக் கொண்டு 1968 முதல் நீலமலையில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் எழுந்தன. பின்னர்க் குமரி மாவட்டத்தில் அரசு தொய்வப்பால் தோட்டங்களிலும் அவர்கள் கை பட்டது. அத்தேயிலைத் தோட்டங்கள் பிற்காலத்தில் இழப்பிற்குள்ளானது மேலாண்மைக் கதை, உழைத்தவர் குற்றமன்று.

இனி வடவர்க்கு வருவோம். இதுவே நம் அன்பர்கட்குச் சினமூட்டும் இடம்.

தென்காசி மாவட்டத்துச் செங்கற்சூளைகளிலும் கல்லுடைப்பு ஆலைகளிலும் கட்டட வேலைகளிலும் இன்று பீகாரியும் வங்கமும் ஒடியமும் ஒலிக்கின்றன. இவர்களை இங்கு அழைத்து வந்தவர் யார்? நம் தமிழ் முதலாளிமாரே. மேடையில் ‘தமிழன் வேலை தமிழனுக்கே’ என்று முழங்கி, விடிந்ததும் தரகனுக்குத் தொலைப்பேசி செய்து ‘இருபது ஆள் அனுப்பு’ என்பாரை யான் அறிவேன். எட்டு மணிநேரம் கேட்காதவன், கூலி உயர்வு கேட்காதவன், தகரக் கொட்டகையில் பன்னிருவராய்ப் படுப்பவன் வேண்டும். அதற்காகவே வடவன் வேண்டும். புளியரைச் சாவடி வழியே மேற்கே போகும் சரக்குந்துகளை எண்ணிப் பாருங்கள். நம் பாறை நொறுங்கிச் சரளையாகிக் கேரளத்திற்குப் போகின்றது, உடைத்தவன் கூலியைப் பெறுகின்றான், விற்றவன் பொருளைப் பெறுகின்றான், பள்ளம் நமக்கு. இதில் கூலியாளனை மட்டும் பகைப்பது அம்பை நொந்து எய்தவனை விடுவதாகும்.

நம் பக்கத்தார் தாமும் பெயர்ந்து வாழ்ந்தவரே. நெல்லைத் தமிழர் மும்பைத் தாராவியை மேடாக்கினர். மூணாற்றுத் தேயிலைச் சரிவுகளில் இன்றும் தெற்கத்தித் தமிழர் குடும்பங்கள் உள்ளன. கடையநல்லூர் இளைஞர் வளைகுடா நாடுகளில் உழைத்தனுப்பும் பணத்தால் எத்தனை வீடுகள் எழுந்துள்ளன! 1966-இல் தோன்றிய சிவசேனை, நம்மவரை ‘வேலையைப் பறிப்பவர்’ என்று சொல்லியே அடித்தது. அச்சொல்லை நாம் இரவல் வாங்கலாகாது. 2023 மார்ச்சில், பீகாரிகளைத் தமிழர் தாக்குகின்றனர் என்று பரவிய பொய்ச்செய்தியால் நமக்கு நேர்ந்த இழிவையும் மறந்துவிடலாகாது. (தென்காசி என்னும் ஊர்ப்பெயரே வடக்கைப் பார்த்து இட்ட பெயர் என்பதை நண்பர் ஒருவர் அடிக்கடி நகையாடுவார். மாற்றுப்பெயர் ஒன்றை ஆய்ந்துகொண்டிருக்கின்றோம், அது நிற்க.)

ஆனால் பரிவு வேறு, கணக்கு வேறு. கணக்கில் நாம் ஏமாற்றப்படுகின்றோம் என்பது உறுதி.

‘நிதிக்குழு’ எனப்படும் வரிப்பங்கீட்டு ஆணையம் 2010–15-க்குத் தமிழ்நாட்டிற்கு வகுத்த பங்கு 4.969 விழுக்காடு. 2015–20-க்கு அது 4.023 ஆயிற்று. 2021–26-க்கு 4.079. அதே பட்டியலில் பீகாருக்கு 10.058, உத்தரப்பிரதேசத்திற்கு 17.939. மாநிலங்களுக்கு 11 இலக்கங் கோடிக்கு மேல் பங்கிடப்பட்ட 2023–24-இல் நம் பழைய விழுக்காடு நிலைத்திருந்தால், ஏறத்தாழப் பதினாயிரங் கோடி கூடுதலாக வந்திருக்கும். ஏதிலியர்க்கு ஒதுக்கிய 317 கோடியை அதனருகில் வைத்துப் பாருங்கள். மேல்வரி, கூடுதல் தீர்வை என்னும் பெயர்களால் நடுவணரசு தண்டுவது இப்பங்கீட்டுத் தொகுப்பினுள் வருவதே இல்லை.

அவ்வாணையம் கையாண்ட அளவுகோல் 2011-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கு. அதற்குப்பின் பீகாரிலிருந்து வந்து ஆலங்குளத்துச் சூளையில் மண் மிதிப்பவன், வரிப்பங்கீட்டு ஏட்டில் இன்னும் பீகாரியே. அவன் பொருட்டுப் பீகாருக்குப் பணம் செல்கின்றது. அவன் காய்ச்சலுக்கு மருந்து தென்காசி அரசு மருத்துவமனை தருகின்றது; அவன் பிள்ளைக்குப் பாடநூலும் நண்பகலுணவும் நம் பள்ளி தருகின்றது; அவன் குடிக்கும் நீர் நம் நீர். அவன் வாங்கும் துணியில் நமக்குச் சிறிது வரி வருகின்றது என்பதை ஒளிக்கவில்லை. ஆயினும் குற்றாலத்துப் பேரூராட்சிக்கு நேர்வது எதுவோ, அதுவே நாட்டிற்கும் நேர்கின்றது. அங்கே சாரல் முடிந்தால் கூட்டம் கலையும், இங்கே கலைவதில்லை.

2021-இல் எடுத்திருக்க வேண்டிய கணக்கை நடுவணரசு எடுக்கவில்லை. 2027 மார்ச்சு முதல்நாளைக் குறிநாளாக்கி எடுப்பதாக அறிவித்துள்ளது. அக்கணக்கில் இங்கு வாழும் ஒவ்வொரு வடவனும் இங்கேயே எண்ணப்படல் வேண்டும் என்பது என் கருத்து. ‘வேரூன்ற நாமே குழி தோண்டுவதா? இந்தி பேசுவோர் தொகை பெருகிவிட்டதென்று நாளை நம் தலையில் இந்தியை ஏற்றார்களா?’ என்று கேட்பீர்கள். அவ்வச்சம் எனக்கும் உண்டு. ஆனால் எண்ணாமல் விட்டால் அவன் மறைந்துவிடுவதில்லை. அவனுக்குரிய பணம்தான் மறைகின்றது. வாக்குரிமை தனி வழக்கு; அதனைத் தனியே வாதிடலாம்.

மொழியச்சத்திற்கு மருந்து நம் கையிலேயே உள்ளது. 2006-இல் இயற்றப்பெற்ற தமிழ் கற்றல் சட்டம் பத்தாம் வகுப்புவரை தமிழைக் கட்டாயமாக்கிற்று. சூளைப் பிள்ளைகளை அதன்கீழ்க் கொணர்வார் யார்? என் வகுப்பில் ஒடியச் சிறுவன் ஒருவன் இரண்டாண்டுகளில் ழகரத்தைத் தவறின்றி ஒலித்தான். நம் நகரத்துச் செல்வர்தம் பிள்ளைகள் பலர் அதனை இன்னும் ஒலித்தபாடில்லை. பல மொழி மாந்தர் கலந்துறைந்த புகாரைப் பட்டினப்பாலை பாடுகின்றது. அங்கே தமிழ் தாழவில்லை, வந்தவரே தமிழறிந்தனர் என்று கொள்ள இடமுண்டு.

பிற மாநிலத் தொழிலாளரைத் தரகர் பதிவு செய்தல் வேண்டும் என 1979-இலேயே சட்டம் செய்தனர். ஏடுகள் பெரும்பாலும் வெறுமையாகவே கிடந்தன. ஆட்களை இறக்கும் முதலாளி, ஆளொருவர்க்கு இவ்வளவென்று ஊராட்சிக்குக் கட்டணம் செலுத்தட்டும். அப்பணம் அவ்வூர்ப் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் போகட்டும். கட்டணம் வந்தால் வடவன் மலிவாயிரான். மலிவாயிராவிடின் நம் பிள்ளைக்கும் நேர்மையான கூலியில் அவ்வேலை கிடைக்கும். கணக்கெடுப்பார் வரும்போது, தென்காசி, ஆலங்குளம், சுரண்டை, சங்கரன்கோயில் பக்கத்து அன்பர்கள் சூளைக்கும் கல்லாலைக்கும் அவரோடு செல்லல் வேண்டும். ஏனெனில் கொட்டகைகளில் எத்தனைபேர் என்பதை முதலாளி குறைத்தே சொல்வான்.