நீலத்துக்கு எத்தனை வாட்ஸ்?

சிங்கப்பூரில் இருக்கும் மச்சினன் வீட்டுக்கு ஒரு வாரம் போயிருந்தேன். பன்னிரண்டாவது மாடி ஃப்ளாட். ராத்திரி ஒன்பது மணிக்குக் கதவைத் திறந்தான். ஹால் முழுக்க ஊதாவும் நீலமுமாக வெளிச்சம். என் மாமியார் மட்டும் கூட வந்திருந்தால், பையன் கெட்டுப் போய்விட்டான் என்று அந்த நிமிஷமே ஜாதகத்தைக் கையில் எடுத்திருப்பார்.

கெட்டுப் போகவில்லை. பவளம் வளர்க்கிறான். நாலடி நீளக் கண்ணாடித் தொட்டி, அதில் உப்புத் தண்ணீர், பாறை, இரண்டு ஆரஞ்சு மீன், அங்கங்கே காளான் மாதிரியும் மான்கொம்பு மாதிரியும் விரல் விரலாகவும் ஆடிக்கொண்டிருக்கிற பவளங்கள். எல்லாம் முறையான அனுமதிப் பத்திரத்தோடு கடையில் வாங்கியவை.

"பிரமாதம் மாப்ளே! அதுலயும் அந்த வெள்ளை இருக்கே... சங்கு மாதிரி பளிச்சுன்னு!"

அவன் முகம் தொங்கிப் போயிற்று.

"அத்தான், அது அழகு இல்ல. பட்டினி."

விஷயம் இதுதான். பத்து நாள் முன்புவரை தொட்டிக்கு மேலே நாலு பழைய ட்யூப் லைட் இருந்தது. ஆபீஸில் யாரோ 'வெளிச்சம் ஜாஸ்தின்னா வளர்ச்சி ஜாஸ்தி' என்று கிளப்பிவிட, ஒரு மாதச் சம்பளத்தில் பெரிய பங்கைக் கொடுத்து புது எல்.ஈ.டி. விளக்கு வாங்கிவிட்டான். (விலையை டாலரில் சொன்னான். நான் ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன்.) அட்டைப்பெட்டியில் எதில் லூமென் அதிகமோ அதைப் பார்த்து எடுத்திருக்கிறான். மாட்டின அன்றைக்கே ஃபுல். காலை எட்டிலிருந்து ராத்திரி பத்து வரை. ஒரே வாரத்தில் பவளம் வெளுத்துவிட்டது.

எனக்கு ஆச்சரியம். விளக்கு போட்டால் பட்டினி கிடக்குமா?

அவன் விளக்கினான். பவளம் கல் இல்லை, செடியும் இல்லை, பிராணி. தானே கட்டிக்கொண்ட சுண்ணாம்பு வீட்டில் உட்கார்ந்திருக்கிற குட்டிப் பிராணி. அதன் உடம்புக்குள் கோடிக்கணக்கில் ஒற்றைச் செல் பாசிகள் குடித்தனம் இருக்கின்றன. பாசி வெளிச்சத்தை வைத்துச் சர்க்கரை சமைக்கிறது. வாடகையாக அதில் பெரும்பகுதியை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிடுகிறது. பவளத்துக்கு வேண்டிய சக்தியில் 90 சதவீதம் வரை இந்த வாடகையிலிருந்தே வரும். நிறமும் பெரும்பாலும் குடித்தனக்காரர் உபயம்.

வெளிச்சம் குறைந்தால் சமையல் குறையும். சரி. அதற்காக நாலு அடுப்பு எரிகிற சமையலறையில் திடீரென்று நாற்பது அடுப்பைப் பற்றவைத்தால்? சாப்பாடு பத்து மடங்கு வராது, வீடு முழுக்கப் புகைதான் வரும். பாசிக்கும் அதே கதி. ஓர் எல்லைக்கு மேல் வெளிச்சம் வந்தால் சமைத்துத் தீர்க்க முடியாமல், திசுவை அரிக்கிற ஆக்ஸிஜன் விஷங்கள் உண்டாகின்றன. வீட்டுக்காரர் மூச்சு முட்டி, குடித்தனக்காரரைச் சட்டிபானையோடு வெளியே தள்ளிவிடுகிறார். பாசி போனதும் உடம்பு கண்ணாடியாகிவிடுகிறது. உள்ளே இருக்கிற சுண்ணாம்பு எலும்பு தெரிகிறது. நான் 'பளிச்' என்று பாராட்டியது அந்த எலும்பை!

ஆனால் வெளுத்த உடனே சாவதில்லை. சில வாரம் தாக்குப் பிடிக்கும். அதற்குள் குடித்தனக்காரர் திரும்பினால் பிழைக்கும். அந்தச் சில வாரத்தில்தான் நாங்கள் இருந்தோம்.

மறுநாள் சனிக்கிழமை. மீன் கடையில் ஒரு மீட்டரை வாடகைக்கு எடுத்து வந்தோம். 'பார்' மீட்டர் என்று பெயர். (பெயரைக் கேட்டு ஆவலாகக் கிளம்பியவன் நான். ஏமாந்தேன்.) தாவரமும் பாசியும் பயன்படுத்தக்கூடிய 400 முதல் 700 நானோமீட்டர் வரையான வெளிச்சத் துகள்கள் ஒரு சதுர மீட்டரில் ஒரு விநாடிக்கு எத்தனை விழுகின்றன என்று எண்ணிச் சொல்கிற கருவி.

இங்கேதான் லூமெனின் வண்டவாளம் வெளிவந்தது. லூமென் என்பது மனுஷக் கண்ணுக்காக ஏற்பட்ட கணக்கு. நம் கண்ணுக்குப் பச்சை என்றால் உயிர், 555 நானோமீட்டர் பச்சைக்கு நூற்றுக்கு நூறு மார்க். 450 நானோமீட்டர் நீலத்துக்கு அதில் இருபதில் ஒரு பங்குகூடக் கொடுக்க மாட்டோம். ஆனால் பாசிக்கோ நீலம்தான் விருந்து. காரணம் கடல். தண்ணீர் முதலில் சிவப்பை விழுங்கிவிடும். பத்து மீட்டர் ஆழத்துக்குள் சிவப்பு கிட்டத்தட்ட காலி. அதற்குக் கீழேயும் இறங்கிப் போகிறது நீலம். பவளக் குடித்தனம் அந்த நீலத்தில் சமைத்துப் பழகியது. ஆக, லூமென் பார்த்துப் பவளத்துக்கு விளக்கு வாங்குவது, மாப்பிள்ளையின் சட்டை அளவைக் கொடுத்துப் பெண்ணுக்கு ரவிக்கை தைப்பது மாதிரி.

மீட்டரைத் தண்ணீருக்குள் விட்டோம். வெளுத்த பவளம் இருந்த இடத்தில் 340. அதன் பெயர் ஹாமர், 100-லிருந்து 150 வரை கிடைத்தால் சுகமாக இருக்கிற ஜாதி. காளான் மாதிரி மெத்தென்று இருப்பவைக்கு 50, 100 போதும். மான்கொம்பு ஜாதி 250, 350 வரை கேட்கும். வெப்பமண்டலக் கடல் மேல் உச்சி வெயில் கிட்டத்தட்ட 2,000. ஒரே தொட்டியில் இத்தனை பேருக்கும் ஒரே விளக்கு என்றால், இடம் பார்த்துத்தான் உட்கார வைக்க வேண்டும். வெயில் கேட்பது மேலே, நிழல் கேட்பது கீழே ஓரமாக. பஸ்ஸில் ஜன்னல் சீட் பார்க்கிற சாமர்த்தியம் இங்கேயும் வேண்டும்.

அன்றைக்கே வைத்தியம் ஆரம்பித்தோம். விளக்கை 30 சதவீதத்துக்கு இறக்கினோம். பதினாலு மணி நேரத்தை எட்டாக்கினோம். ஹாமரைப் பாறையோடு கீழ்த்தட்டுக்கு மாற்றினோம். இனி வாரத்துக்கு ஐந்து சதவீதம்தான் ஏற்ற வேண்டும் என்று காலண்டரில் குறித்து வைத்தான்.

இந்த விளக்கு ஆசைக்கு வயசு அதிகம். 1961-ல் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர் உயிர்ப்பாறை, காற்றுக் குமிழி, வெயில் இவற்றை வைத்தே பவளம் வளர்த்ததை எழுதினார். வெயில் அவருக்கு இலவசம். 1980-களில் பெர்லின்காரர்கள் அந்த வெயிலுக்குப் பதில் மெட்டல் ஹாலைட் விளக்கைப் பிடித்தார்கள். 250 வாட்ஸ், 400 வாட்ஸ்! பவளம் செழித்தது. தண்ணீர் கொதித்தது. விளக்குக்கு ஒரு பில், அது சுட்ட தண்ணீரைக் குளிரவைக்கும் மெஷினுக்கு இன்னொரு பில். அப்புறம் ஒல்லி ட்யூப்கள் வந்தன. நிழல் விழாமல் எல்லா மூலைக்கும் சமமாக வெளிச்சம் தருகிற நல்ல பிள்ளைகள். ஆனால் வருஷா வருஷம் மாற்ற வேண்டும். கண்ணுக்கு எரிகிற மாதிரிதான் இருக்கும், உள்ளே சரக்கு குறைந்திருக்கும். (சில ஆபீஸ்களில் இப்படி மனுஷர்களும் உண்டு.)

எல்.ஈ.டி.யில் பிரகாசமான நீலம் மட்டும் வெகுகாலம் யாருக்கும் கைகூடவில்லை. 1993-ல் ஜப்பானில் ஷூஜி நகமுரா அதைச் செய்து காட்டினார். நீல எல்.ஈ.டி.க்காக 2014-ல் அவருக்கும் அகசாகி, அமானோ இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. மச்சினன் ஹாலின் நீலம் அந்தப் பரம்பரை. இதில் வசதி, அளவாகக் குறைக்க ஒரு பொத்தான் இருக்கிறது. ஆபத்து, ஏற்றவும் அதே பொத்தான்தான்.

எனவே யாராவது வெளிநாட்டுச் சிநேகிதர் இதில் இறங்கினால் சொல்லுங்கள். முதலில் என்ன பவளம் என்று முடிவு செய்யட்டும், விளக்கு அப்புறம். பெட்டியில் லூமெனைப் பார்க்காமல், இன்ன ஆழத்தில் இத்தனை 'பார்' என்ற கணக்கைக் கேட்கட்டும். கடையில் வெறும் நீலத்தில் ஜொலிக்கிற பவளத்தை, கொஞ்சம் வெள்ளை வெளிச்சமும் போடச் சொல்லிப் பார்த்து வாங்கட்டும். நீலத்தில் எல்லாமே அழகிதான்! விளக்கில் படிகிற உப்பை அடிக்கடி துடைக்கட்டும்.

'வெளிநாட்டு' என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பாறை கட்டும் பவளங்கள் 2001-லிருந்து நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்குப் பக்கத்தில் இருக்கின்றன. நம் கடலில் ஒரு துண்டு ஒடித்து வந்தாலும் 3 வருஷத்துக்குக் குறையாத சிறை, 7 வரை போகலாம்.

மச்சினனின் சொந்த ஊர் தூத்துக்குடி. ஒரு காலத்தில் அங்கே பவளப்பாறையைப் பெயர்த்து வந்து சுண்ணாம்புக்குச் சுட்டார்கள், வீடு கட்டினார்கள். மன்னார் வளைகுடாவில் இருந்த 21 தீவுகளில் இரண்டு கடலுக்குள் போய்விட்டன. பவளத்தைத் தோண்டியது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

"தாத்தா வீட்டுச் சுவரே அந்தச் சுண்ணாம்புதான் அத்தான்" என்றான். "அதைக் காறையாத்தான் பார்த்து வளர்ந்தேன். இங்க வந்துதான் உயிரோட பார்க்கிறேன்."

பிறகு கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டுச் சொன்னான். அவன் தொட்டியில் நடந்தது அந்தக் கடலிலும் நடக்கிறதாம். அங்கே வெயில் கூடவில்லை, தண்ணீர் சுடுகிறது. சூடான தண்ணீரில் வழக்கமான வெயிலே பாசிக்குத் தாங்காது. அதே புகை, அதே வெளியேற்றம். 1998-ல், 2010-ல், 2016-ல் மன்னார் வளைகுடாவின் பவளங்கள் வெளுத்தன. அங்கே 30 சதவீதத்துக்கு இறக்க எந்தப் பொத்தானும் இல்லை.

இரண்டு மாதம் கழித்து போன் பண்ணினான். ஹாமரில் பாதித் தலைகள் போய்விட்டன. மீதிப் பாதியில் பழுப்பு ஏறியிருக்கிறது. "பழுப்பு அத்தான், பழுப்பு!" என்று கத்தினான். பெண் பார்த்து முடிந்தபோதுகூட அவன் இப்படிக் கத்தியதில்லை.

நேற்று எங்கள் வீட்டுச் சமையலறை பல்பு போய்விட்டது. தெருமுனைக் கடையில் போய், கற்ற வித்தையை விடுவானேன் என்று, "6,500 கெல்வின் தானே?" என்றேன்.

கடைக்காரர் பதறிவிட்டார்.

"ஐயோ, அவ்ளோ இல்ல சார். 120 ரூபாதான்."