ஒரு சில்லு நட்டும் ஒரு கலைப்பீடமும்

பழைய காரைப் பற்றி எழுதுகிற ஆக்கள் பெரும்பாலும் பெயின்டைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். மொரிஸ் மைனரின் உருண்டை முகம், ஒஸ்டின் கேம்பிரிட்ஜின் பின்பக்கத்து வால், கல்யாண ஊர்வலத்தில் பூமாலையோடு எடுத்த படம். லைக்கும் அதுக்குத்தான் விழுகுது. சில்லைக் காரோடு பிடித்து வைத்திருக்கிற நட்டைப் பற்றி யாரும் ஒரு வரி எழுதுவதில்லை.

ஆனா திருக்கோவில் பக்கம் கொட்டிலுக்குள் நின்று உக்கிப்போகிற பழைய கார்களைக் கேட்டுப் பார்த்தால், எஞ்சின் முடிஞ்சதால் நின்றது குறைவு. எஞ்சினை நம்மட நாட்டு மெக்கானிக்மார் எப்படியாவது ஓட்டிவிடுவார்கள். 1990களின் பொருளாதாரத் தடைக்குள் யாழ்ப்பாணத்தார் கார்புரேட்டருக்குள் நாலு சொட்டுப் பெற்றோலை விட்டு ஸ்டார்ட் பண்ணி, மிச்சத் தூரத்தை மண்ணெண்ணெயில் ஓடியவர்கள். அந்தத் திறமை எல்லாம் தோற்றுப்போகிற இடம், சில்லு நட், ஸ்டட் மாதிரி கைக்குள் அடங்குகிற ஒரு சாமான். அது ஏன் கிடைக்குதில்ல என்பதையும், அதைத் தேடுகிற வேலை ஏன் நம்ம மாதிரி ஆர்ட்ஸ் படிக்கிற ஆக்களுடைய வேலை என்பதையும்தான் இங்க சொல்லப்போறன்.

முதலில் அந்த நட் என்னவென்று பார்ப்போம். மொரிஸ் மைனரையே எடுப்போம். அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்து, 1948இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் வெளிவந்த கார். 1970களின் தொடக்கம் வரை 16 இலட்சம் அளவில் செய்தார்கள். இலங்கையில் அது டொக்டர்மாரின் காராகவும், பெரிய வாத்தியார்மாரின் காராகவும், பிறகு ஹயரிங் காராகவும் ஓடியது. 1970 முதல் 1977 வரை இறக்குமதி இறுக்கமாக இருந்த காலத்தில் புதுக் கார் வருவது அரிது. இருந்ததையே திருத்தித் திருத்தி ஓடினார்கள். அதனாலதான் இங்க பழைய கார் இவ்வளவு மிஞ்சிக் கிடக்குது. ஆசைப்பட்டு வைத்திருந்தவர்களை விட, வேறு வழியில்லாமல் வைத்திருந்தவர்கள்தான் கூட.

மைனரின் சில்லுக்கு நாலு ஸ்டட். ஸ்டட்டின் விட்டம் 3/8 இஞ்சி, மரை இஞ்சிக்கு 24. இந்த மரைக்கு யூ.என்.எஃப். என்று பெயர். இதுக்குப் பின்னால ஒரு கதை இருக்கு. 1841இல் ஜோசப் விட்வர்த் என்ற ஆங்கிலேயர் மரைகளுக்கு ஒரு பொது அளவு கொண்டுவந்தார். மரையின் கோணம் 55 பாகை. அதற்கு முதல் ஒரு பட்டறையின் போல்ட் அடுத்த பட்டறையின் நட்டுக்குள் போகாது. அமெரிக்காக்காரன் பிறகு 60 பாகையில் வேறு அளவு வைத்தான். இரண்டாம் உலகப் போரில் இரண்டு நாட்டுச் சாமானும் கலந்தபோது பட்ட கஷ்டத்தில், 1940களின் கடைசியில் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் சேர்ந்து 60 பாகையில் ஒரே அளவுக்கு வந்தன. அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான் யூ.என்.எஃப். பிரிட்டிஷ் கார்கள் விட்வர்த் குடும்பத்தை விட்டு இதுக்கு மாறிக்கொண்டிருந்த காலத்துக் கார்கள்தான் நம்மட கொட்டில்களில் நிற்பவை. 1977க்குப் பிறகு ஜப்பான் கார் வந்து நாடே மில்லிமீட்டருக்கு மாறிவிட்டது. ஆக, ஒரு பழைய கராஜின் தகரப் பேணிக்குள் மூன்று காலத்து மரை ஒன்றாகக் கிடக்கும். பார்த்தால் எல்லாம் ஒன்றுதான்.

ஆபத்து இந்த "பார்த்தால் ஒன்றுதான்" என்கிற இடத்தில் இருக்கு. 3/8 இஞ்சி என்றால் 9.5 மில்லிமீட்டர் சொச்சம். இப்ப ஹார்ட்வெயாரில் சாதாரணமாகக் கிடைக்கிற 10 மில்லிமீட்டர் நட் அதன்மேல் இரண்டு மூன்று சுற்று சுகமாக ஏறும். பிறகு இறுகும். நாம் பூட்டியாச்சு என்று நினைப்போம். உண்மையில் இரண்டு மரையும் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான். ரிம்மும் அப்படித்தான். மைனரின் நாலு ஸ்டட்டும் 4 இஞ்சி விட்ட வட்டத்தில் இருக்கும், அதாவது 101.6 மில்லிமீட்டர். சின்ன ஜப்பான் கார்கள் பலதில் அந்த வட்டம் 100 மில்லிமீட்டர். வித்தியாசம் 1.6 மில்லிமீட்டர். அலோய் ரிம் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தால் கிட்டத்தட்டப் பொருந்தும். அந்தக் "கிட்டத்தட்ட"வில் நட் சரியாக உட்காராமல் ஒரு பக்கம் சாய்ந்து பிடிக்கும். ஓட ஓட இளகும், ஸ்டட் களைத்து ஒருநாள் முறியும்.

கடற்கரை ஊர் என்பது இன்னொரு பிரச்சினை. உப்புக்காத்தில் நட்டும் ஸ்டட்டும் துருவால் ஒட்டிப்போகும். ஸ்பனருக்கு நீளமான பைப்பைப் போட்டு நாலு பேர் தொங்குவார்கள். கழராவிட்டால் காஸ் வைத்துச் சூடாக்குவது, அதுவும் சரிவராவிட்டால் உளியால் வெட்டுவது. இப்படி ஒவ்வொரு டயர் மாற்றத்துக்கும் ஒரு நட்டாவது செத்துப்போகும். அறுபது வருஷம் இப்படி நடந்தால் எத்தனை மிஞ்சும்?

என்ட மாமாவின் மைனருக்கு மிஞ்சியது பதினொன்று. வேண்டியது பதினாறு. கடந்த லீவில் அந்த ஐந்தைத் தேடுகிற வேலை எனக்கு வந்தது. தம்பிலுவிலில் ஒரு கடையில் கேட்டேன், "மரை கழண்டவன்" மாதிரிப் பார்த்தார்கள். அக்கரைப்பற்றில் இரண்டு ஸ்பெயார் பாட்ஸ் கடையில் மில்லிமீட்டர் நட்டை நீட்டினார்கள். கொழும்புப் பஞ்சிகாவத்தையில் கிடைக்கும் என்றார்கள். அங்கே போன கூட்டாளி ஒருவன் மூன்று நட் அனுப்பினான், ஒன்றுதான் பொருந்தியது. கடைசியில் பதில் சொன்னவர் கார்க்காரர் இல்லை. அக்கரைப்பற்றில் ட்ரெக்டர் திருத்துகிற வயசான காக்கா ஒருத்தர்.

அவர் என்ட கையில் இருந்த மாதிரி நட்டை வாங்கி, பழைய மெஸி பேர்குஸன் போல்ட் ஒன்றில் விரலாலேயே சுற்றினார். கடைசி வரைக்கும் போனது. "ட்ரெக்டர்ர மரதான் தம்பி இது" என்றார். பிறகு கடைக்காரர் தந்த 10 மில்லிமீட்டர் போல்ட்டை எடுத்து, அதன் மரையைத் தன்ட போல்ட்டின் மரையோடு பல்லுக்குப் பல் சேர்த்து வெளிச்சத்துக்குப் பிடித்துக் காட்டினார். இடையால் வெளிச்சம் தெரிந்தது. "வெளிச்சம் தெரிஞ்சா பூட்டப்போடா. பூட்டினா ஒருநாளைக்கு சில்லு உன்ன முந்திட்டுப் போகும்."

அம்பாறை வயல்களில் இன்னும் ஓடுகிற பழைய மெஸி பேர்குஸன் ட்ரெக்டர்களில் பெரும்பாலும் இந்த இஞ்சி மரைகள்தான். அதனால் மரை வெட்டுகிற டேப் அவரிடம் இருந்தது. ஆனா ட்ரெக்டர் நட் அடிப்பக்கம் தட்டை. கார்ச் சில்லு நட்டின் அடி கூம்பாக இருக்க வேண்டும், அந்தக் கூம்புதான் ரிம்மை நடுவுக்குக் கொண்டுவந்து பிடிக்கிறது. ஆக, அறுகோணக் கம்பியில் லேத்தில் கடைந்து, மாதிரி நட்டைப் பார்த்துக் கூம்பு வைத்து, அவர்ட டேப்பால் மரை வெட்டினார்கள். ஸ்டட்டும் ஒன்று கடையலாமா என்று கேட்டதுக்கு, சாதாரணக் கம்பியில் ஸ்டட் கடைஞ்சா முறியும், அதுக்கு உரமான இரும்பு வேணும் என்று மறுத்துவிட்டார். அந்த மறுப்பும் ஒரு அறிவுதான்.

இதில் என்னைச் சுட்ட விஷயம் வேற. மொரிஸ் மைனரின் பாகங்களை இந்த நாடே செய்திருக்கிறது. இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர் சென்டர் நடத்திய சார்ல்ஸ் வெயார், கார் என்பது தூக்கி எறிகிற சாமான் இல்லை, காலாகாலம் திருத்தி ஓடக்கூடியது என்று வாதாடியவர். 1990களில் அவரும் ஒரு இலங்கை வர்த்தகரும் சேர்ந்து மைனரின் உடற்தகடு உள்ளிட்ட பாகங்களை இலங்கையில் செய்து பிரிட்டனுக்கு அனுப்பினார்கள். யோசித்துப் பாருங்க. வெள்ளைக்காரன்ட காருக்கு இலங்கைக் கை தகடு அடித்து அனுப்பியிருக்கு. இங்க திருக்கோவிலில் நாங்க ஐந்து நட்டுக்கு வழியில்லாமல், லண்டனில் ஓடர் பண்ணலாமா, டொலர் என்ன விலை என்று கணக்குப் பார்க்கிறம். 2022 மார்ச்சில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் இரண்டு மாதத்துக்குள் 360ஐத் தொட்டதைப் பார்த்த தலைமுறை நாங்க. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி தனியார் கார்களுக்குத் திறக்க 2025 பெப்ரவரி ஆனது. கையில் இருக்கிறதைத் திருத்தி ஓடுகிற கலை இந்த நாட்டில் ஒரு தரமும் பழசாகவில்லை.

இனி நம்மட பீடத்துக்கு வாறன். கலைப்பீடத்தில் கடைசி வருஷ ஆய்வுக்கு நாங்க என்ன எடுக்கிறம்? நாட்டார் பாடல், கவி, கோயில் சடங்கு, பள்ளிவாசல் வரலாறு. எல்லாம் நல்ல விஷயம்தான். வயசான பெண்களிடம் ரெக்கோடரை நீட்டிக் கவி கேட்கிற நாங்க, அதே வயசு மெக்கானிக்கிடம் ஒருநாளாவது போயிருக்கிறமா? அவருக்குத் தெரிந்ததும் வாய்மொழி மரபுதான். எந்தப் புத்தகத்திலும் இல்லாதது, பாட்டனிடமோ முதலாளியிடமோ கேட்டும் பார்த்தும் பழகியது, அவர் மௌத்தானால் அவரோடு போய்விடுவது. கவிக்கு இருக்கிற மரியாதை மரைக்கு இல்லை என்பது நம்மட பாடத்திட்டத்தின் குறை.

இந்தக் கரைக்கு இது இன்னும் அவசரம். ஏ4 வீதியில் பொத்துவிலில் இருந்து கல்முனை வரை கோயில் முடியப் பள்ளி வரும், பள்ளி முடியக் கோயில் வரும். எங்கட ஊர்க் காரைத் திருத்தியது பெரும்பாலும் அடுத்த ஊர்க் கை. 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒரு ஊரார் அடுத்த ஊருக்குப் போகப் பயந்த நாட்கள் இருந்தன. கராஜுக்கும் வாடிக்கையாளருக்கும் இடையிலிருந்த நூல் அறுந்தது. பிறகு 2004 டிசம்பர் 26. நாட்டிலேயே ஆகக் கூடுதலான உயிரை இழந்தது அம்பாறை மாவட்டம். மனிசரோடு பட்டறைகளும், பட்டறைகளோடு அந்தத் தகரப் பேணிகளும் போயின. மிஞ்சியவர்களின் தலைக்குள் இருப்பதை எழுதாமல் விட்டால், அடுத்த பத்து வருஷத்தில் கேட்கிறதுக்கு ஆளே இருக்காது.

"சோத்துக்கே வழியில்லாத நேரத்தில் பழைய கார் ஒரு பணக்கார விளையாட்டுத்தானே?" என்று நீங்க கேட்கலாம். நியாயமான கேள்வி. கொழும்பில் இருந்து வந்து பழைய ஸ்ரீ இலக்கத் தகட்டைப் பார்த்து விலை பேசி ஏற்றிப்போகிறவருக்கு அது விளையாட்டாகவே இருக்கட்டும். நான் கேட்பது காரைக் கும்பிடச் சொல்லி இல்லை. மைனரின் நட்டைக் கண்டுபிடித்துத் தந்தது ஒரு ட்ரெக்டர் பட்டறை. அதாவது அந்த அறிவு நெல்லு விளைவிக்கிற அறிவோடு ஒரே பெட்டிக்குள் இருக்கு. வெட்டுக் காலத்தில் ஒரு போல்ட் முறிந்து ட்ரெக்டர் நின்றால் என்ன நட்டம் என்று வயல் வைத்திருக்கிற வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லத் தேவையில்லை.

செய்யக்கூடியது பெரிய வேலை இல்லை. ஏ.எல். பிசிக்ஸ் படித்த கூட்டாளியிடம் கேட்டால் வேணியர் இடுக்கிமானி பிடிக்கக் காட்டித் தருவான். ஒரு கொப்பி எடுங்க. உங்கட ஊர்க் கராஜுக்கும் லேத்துக்கும் ட்ரெக்டர் பட்டறைக்கும் போங்க. ஒவ்வொரு சாமானுக்கும் ஐந்து விஷயம் எழுதுங்க: நம்ம ஊரில் அதுக்கு என்ன பெயர், விட்டம் எவ்வளவு, இஞ்சிக்கு எத்தனை மரை, அதே மரை வேறு எந்த வாகனத்தில் வரும், இதை யாரிடம் கேட்டு அறிந்தீங்க. கடைசியாகச் சொன்னதை விட்டுவிடாதீங்க, பெயர் போட அவர் சம்மதித்தால் போடுங்க. பழைய ஜப்பான் லொறிகளில் இடப்பக்கச் சில்லு நட் எதிர்ப்பக்கம் சுற்றும் என்பது லொறிக்காரர் எல்லாருக்கும் தெரியும், தெரியாத ஒருத்தன் அதை முறித்துவிட்டுத்தான் படிப்பான். அப்படி முறிக்கிறதுக்கு முதல் வாசிக்க ஒரு பக்கம் இருக்கட்டும். வீட்டில் பழைய கார் இருந்தால், கழற்றிய நட்டை எறியாதீங்க, கம்பியில் கோர்த்து எந்தக் கார், எந்தச் சில்லு என்று எழுதித் தொங்கவிடுங்க. லேத்துக்காரனுக்கு மாதிரி வேணும். கையால் கடைசி வரைக்கும் ஏறாத நட்டை ஸ்பனரால் ஏற்றாதீங்க. புது நட் போட்டால் கொஞ்சத் தூரம் ஓடிவிட்டு மறுபடி இறுக்கிப் பாருங்க.

அடுத்த வருஷம் ஆய்வுத் தலைப்புக் கொடுக்கிற நேரம் "அக்கரைப்பற்று, கல்முனைப் பிரதேச வாகனத் திருத்துநர்களின் தொழிற்சொற்கள்" என்று ஒன்றைக் கொடுப்பதாக இருக்கிறன். மேற்பார்வையாளர் சிரிக்கக்கூடும். திருக்கோவிலுக்கும் கல்முனைக்கும் இடையில் ஊருக்கு ஒரு ஆள் சேர்ந்தால் அந்தக் கொப்பி ஒரு வருஷத்தில் நிரம்பிவிடும்.