ஆறு வயசுப் பொண்ணு என்ன பரோட்டாவா சாப்பிட்டா?

கொலஸ்ட்ரால்னு யாராவது சொன்னதும் உங்க மனசுல முதல்ல என்ன வருது? முட்டை மஞ்சள் கரு, ராத்திரி பதினோரு மணி பரோட்டா, நம்ம மெஸ்ஸில் எண்ணெய் மிதக்கும் சால்னா. நாற்பது வயசில் ஒருத்தர் மாரடைப்பில் போயிட்டா, துக்க வீட்டிலேயே "மனுஷன் வாயைக் கட்டலையே"ன்னு ஒரு குரல் கேட்கும். அந்தக் குரலோடுதான் எனக்குச் சண்டை.

ஸ்டார்மி ஜோன்ஸ் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கீங்களா? அமெரிக்காவின் டெக்சாஸைச் சேர்ந்த சிறுமி. 1984 பிப்ரவரி 14 அன்று பிட்ஸ்பர்க்கில் அவளுக்கு இதயத்தையும் கல்லீரலையும் ஒரே ஆபரேஷனில் மாற்றினார்கள். உலகில் அதுதான் முதல் முறை. அப்போ அவளுக்கு வயசு ஆறு. இதயம் கெட்டுப்போயிருந்தது, சரி. கல்லீரலை ஏன் மாத்தணும்? அங்கதான் விஷயமே இருக்கு.

ரத்தத்தில் சுற்றும் எல்.டி.எல். கொலஸ்ட்ராலைப் பிடித்து உள்ளே இழுக்கும் ரிசப்டர்கள் பெரும்பாலும் கல்லீரல் செல்களின் மேல்தான் இருக்கின்றன. அதற்கான மரபணு 19ஆவது குரோமோசோமில் இருக்கிறது. அம்மாகிட்ட இருந்து ஒரு காப்பி, அப்பாகிட்ட இருந்து ஒரு காப்பி. ஸ்டார்மிக்கு இரண்டுமே பழுது. பிளஸ் டூவோட பயாலஜிக்கு டாட்டா காட்டின எனக்குப் புரிஞ்ச மாதிரி சொல்றேன்: சிங்க்கில் தண்ணி நிரம்பி வழியுதுன்னா, குழாயை மட்டும் குறை சொல்லக்கூடாது, கீழே அடைச்சிருக்கான்னும் பார்க்கணும். புதுக் கல்லீரல் வந்ததும் அவளுடைய எல்.டி.எல். 988லிருந்து 184க்கு இறங்கியது. டயட் சார்ட் இதைச் செய்யுமா? இந்த ரிசப்டரைக் கண்டுபிடித்த மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985இல் நோபல் கிடைத்தது. ஸ்டார்மி 1990இல், 13 வயசில் இறந்துபோனாள்.

இரண்டு காப்பியும் பழுதாவது ரொம்ப அரிது. ஆனா ஒரு காப்பி மட்டும் பழுதான மனிதர்கள் சுமார் 250 பேருக்கு ஒருவர். நம்ம ஆடிட்டோரியம் நிரம்பினால் உள்ளே எத்தனை பேர்னு நீங்களே கணக்குப் போடுங்க. வலி இருக்காது, ஆளும் ஒல்லியா இருக்கலாம். சிகிச்சை இல்லாம விட்டா, முப்பது நாற்பதுகளிலேயே மாரடைப்பு வரலாம்.

அப்போ பிறந்த அன்னைக்கே எல்லாக் குழந்தைக்கும் டெஸ்ட் பண்ணிடலாமேன்னு தோணும். எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. சிக்கல் என்னன்னா, தொப்புள்கொடி ரத்தத்தில் எல்.டி.எல். எல்லாருக்கும் குறைவு, சாதாரணமா 30 பக்கத்தில்தான் இருக்கும். பழுதான மரபணுவோடு பிறந்த குழந்தைக்குச் சராசரியில் கூடுதல்தான், ஆனா இரண்டு கூட்டமும் ஒன்றின்மேல் ஒன்று கலந்தே கிடக்கும். வித்தியாசம் பளிச்சுன்னு தெரிய ஒன்றிரண்டு வயசாவது ஆகணும். அதனால்தான் தடுப்பூசிக்கு வரும் ஒரு வயசுக் குழந்தைகளிடம் இந்த டெஸ்ட்டை எடுக்கும் முறையை பிரிட்டனில் ஆய்வு செய்தார்கள். ஸ்லோவேனியா ஐந்து வயசில் எல்லாப் பிள்ளைகளுக்கும் பார்க்கிறது.

நம்ம ஊர்ல அது வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம் என்பது என் கட்சி. ஒருத்தரிடம் கண்டுபிடிச்சா, அவர் பெற்ற ஒவ்வொரு பிள்ளைக்கும் அது போயிருக்க பாதிக்குப் பாதி வாய்ப்பு. நெதர்லாந்து 1994லிருந்து இந்த வழியில்தான் குடும்பம் குடும்பமாகத் தேடியது. நம்ம காலேஜ் ஹெல்த் கேம்ப்பில் உயரம், எடை, ரத்த வகை எல்லாம் எழுதுறாங்க. "வீட்டில் யாருக்காவது 55 வயசுக்கு முன்னாடி மாரடைப்பு வந்திருக்கா?"ன்னு ஒரு வரி சேர்த்தால் என்ன செலவாகும்? ஆமாம்னு சொல்றவங்களுக்கு மட்டும் லிப்பிட் ப்ரொஃபைல் எடுத்தா போதும். ஸ்டேட்டின் மாத்திரை நம்ம மெடிக்கல் ஷாப்பிலேயே கிடைக்குது, டாக்டர் சீட்டு எழுதித் தரணும், அவ்வளவுதான்.

இந்த வாரம் வீட்டுக்கு போன் பண்ணும்போது, தாத்தா எந்த வயசில், எதனால் போனார்னு கேளுங்க. சித்தப்பா, அத்தை பற்றியும் கேளுங்க. குதிகால் நரம்பு தடிச்சுப்போனவங்க, சின்ன வயசிலேயே கருவிழியைச் சுற்றி வெள்ளை வளையம் விழுந்தவங்க யாராவது உண்டான்னு அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கும்.