பெற்றோருக்கு ஒரு பாடவேளை

ஐந்து, எட்டு வகுப்புகளில் தேர்ச்சி பெறாத பிள்ளைகளை அதே வகுப்பில் நிறுத்தி வைக்க வழிசெய்யும் விதித்திருத்தத்தை ஒன்றிய அரசு 2024 டிசம்பர் 16 நாளிட்ட அரசிதழில் வெளியிட்டுவிட்டது. கேந்திரிய வித்யாலயா, நவோதயா உள்ளிட்ட ஒன்றிய அரசுப் பள்ளிகள் அதன்படி நடக்கும். தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்புவரை யாரையும் நிறுத்தி வைப்பதில்லை என்ற நடைமுறையே தொடரும் என்று பள்ளிக் கல்வித்துறை அமைச்சர் அப்போது அறிவித்தார்.

இந்த அறிவிப்பை வரவேற்கிறோம். 2019 செப்டம்பரில் ஐந்துக்கும் எட்டுக்கும் பொதுத்தேர்வு என்று நம் மாநிலமே அரசாணை போட்டது. 2020 பிப்ரவரி 4 அன்று அதைத் திரும்பப் பெற்றது. அந்த நான்கைந்து மாதங்கள் தொடக்கப் பள்ளிகளில் நிலவிய பதற்றம் நம் யாருக்கும் மறந்திருக்காது. பத்து வயதுப் பிள்ளையை அதே பெஞ்சில் இன்னோர் ஆண்டு உட்காரவைத்தால் வாசிப்பு வந்துவிடாது. ஜூன் மாதம் அந்தப் பிள்ளை பள்ளிக்குத் திரும்பாமலே போகலாம் என்பதுதான் நம் மூத்த ஆசிரியர்கள் கண்டது.

ஆனால் அந்த விதித்திருத்தத்துக்கு இன்னொரு பாதி இருக்கிறது. நிறுத்தி வைக்கப்பட்ட பிள்ளைக்கு எங்கே கற்றல் இடைவெளி என்று கண்டறிந்து வகுப்பாசிரியர் தனிக்கவனம் தர வேண்டும். தேவையானால் பெற்றோருக்கும் வழிகாட்ட வேண்டும். தலைமை ஆசிரியர் அந்தப் பிள்ளைகளின் பட்டியலை வைத்துக்கொண்டு முன்னேற்றத்தைத் தாமே கண்காணிக்க வேண்டும். வகுப்பாசிரியர், பெற்றோர், தலைமை ஆசிரியர் மூவரையும் ஒரே விதிக்குள் கொண்டுவந்திருக்கிறார்கள். இதைச் செய்வதற்குப் பிள்ளையை நிறுத்தி வைக்க வேண்டிய அவசியமே இல்லை. எழுத்துக்கூட்டிப் படிக்கும் நிலையிலேயே ஆறாம் வகுப்புக்குப் போகும் நம் பிள்ளைக்கும் இது வேண்டும். முதல் பாதியை மறுத்த மாநில அரசு இந்தப் பாதியைப் பற்றி வாய் திறக்கவில்லை.

இந்த இதழ் ஆண்டுக்கணக்காக எழுப்பிவரும் கேள்வி இங்கேதான் வருகிறது. பெற்றோரிடம் ஆசிரியர் எந்த நேரத்தில் பேசுவது?

கல்வி உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, பெற்றோரை முறையாகச் சந்தித்துப் பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் ஆகியவற்றைத் தெரிவிப்பது ஆசிரியரின் கடமை என்கிறது. தவறினால் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. அந்தச் சட்டத்தின் அட்டவணையைப் புரட்டுங்கள். ஆண்டுக்கு 200 வேலைநாள், 800 கற்பித்தல் மணி. ஆறாம் வகுப்புக்கு மேல் 220 நாள், 1,000 மணி. ஆசிரியருக்கு வாரம் 45 மணி நேரம், பாடத் தயாரிப்பு உட்பட. பெற்றோரைச் சந்திக்க ஒரு மணி நேரம்கூட அதில் குறிக்கப்படவில்லை. கடமையை எழுதி, தண்டனையையும் எழுதியவர்கள் நேரத்தை மட்டும் எழுதாமல் விட்டார்கள். ஒன்றிய அரசு 2024-ல் விதியைத் திருத்தியபோதும் அந்த இடத்தை நிரப்பவில்லை.

அதற்குத்தான் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறதே என்று அதிகாரிகள் சொல்வார்கள். 2024 ஆகஸ்டில் 24 உறுப்பினர்களோடு குழுக்களை மறுகட்டமைப்புச் செய்தோம். முக்கால் பங்கு பெற்றோர், பாதிக்குக் குறையாமல் பெண்கள். நல்ல அமைப்பு அது. கழிவறை, சுற்றுச்சுவர், குடிநீர் என்று அது வாங்கித் தந்தவை ஏராளம். ஆனால் ஒரு பிள்ளைக்கு வகுத்தல் வரவில்லை என்பதை 24 பேர் நடுவில் வைத்துப் பேச முடியாது. பேசவும் கூடாது.

அது தாயும் ஆசிரியரும் நோட்டை விரித்துவைத்துப் பேச வேண்டியது. விழுப்புரம் மாவட்டத்து ஈராசிரியர் பள்ளி ஒன்றில் பணிபுரியும் ஆசிரியை சொன்னதை இங்கே தருகிறோம். நான்காம் வகுப்புச் சிறுவன் 52-லிருந்து 38-ஐக் கழித்து 26 என்று எழுதியிருக்கிறான். எட்டில் இரண்டு போனால் ஆறு, ஐந்தில் மூன்று போனால் இரண்டு. கடன் வாங்கிக் கழிப்பது புரியவில்லை என்று குறித்துக்கொண்டு, குச்சிக்கட்டுகளை வைத்து மறுபடி மறுபடி நடத்தியிருக்கிறார். அவனுடைய அம்மா பூ விற்பவர். ஒருநாள் மாலை பிள்ளையை அழைத்துப்போக வந்தவரிடம் நோட்டைக் காட்டியதும், “இவனா டீச்சர்? ஐம்பத்திரண்டு ரூபா குடுத்து முப்பத்தெட்டு ரூபாய்க்குப் பூ வாங்கினா பதினாலு ரூபா மிச்சம்னு கண்ண மூடிட்டுச் சொல்லுவானே” என்றாராம். மறுநாள் ஆசிரியை குச்சிகளை எடுத்து வைத்துவிட்டுப் பத்து ரூபாய்த் தாள்களையும் சில்லறையையும் கொண்டு வந்தார். அந்த வாரமே கணக்கு சரியாகிவிட்டது.

எந்த வளரறி மதிப்பீட்டுப் படிவத்திலும் இந்தத் தகவல் கிடைக்காது. அந்தத் தாயிடம் மட்டுமே இருந்தது. பூ விற்கும் நேரம் கொஞ்சம் தள்ளிப்போயிருந்தால் அவர் அன்று வந்திருக்கவே மாட்டார்.

நூறு நாள் வேலைக்குப் போகும் தாயின் நிலையை எண்ணிப் பாருங்கள். வருகைப் பதிவுச் செயலி அவரைக் காலையில் ஒருமுறை, பிற்பகலில் ஒருமுறை படம் பிடிக்கிறது. நடுவில் பள்ளிக்கு வந்து திரும்பத் தாமதமானால் அன்றைய கூலிக்கு ஆபத்து. 2024-25ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுக்கு அறிவித்த நாள் கூலி 319 ரூபாயாக இருந்தது. நாம் அழைப்பதோ வேலைநாளில், பள்ளி நேரத்தில். வராதவரைக் ‘கல்வியில் அக்கறையில்லாத பெற்றோர்’ என்று எழுதிவிடுகிறோம். மாலை ஆறு மணிக்கு அவரால் வர முடியும். அந்த நேரத்தில் ஆசிரியர் இருந்தால் அது பணியாகக் கணக்கில் வராது; மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டத்துக்குப் பத்து நிமிடம் பிந்தினால் மட்டும் விளக்கம் கேட்கப்படும்.

துறைக்கு நேரமில்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். ‘எமிஸ்’ என்ற கல்வித் தகவல் தளத்தில் பதிவேற்ற நேரம் இருக்கிறது. கூட்டம் நடந்ததற்குப் படம் அனுப்ப நேரம் இருக்கிறது. கலந்துகொண்டோர் எண்ணிக்கையை மாலைக்குள் கேட்டு வட்டாரக் கல்வி அலுவலகத்திலிருந்து மூன்று முறை அழைக்க நேரம் இருக்கிறது. ஒரு தாயோடு என்ன பேசினீர்கள், அதனால் உங்கள் கற்பித்தலில் என்ன மாறியது என்று இதுவரை எந்த ஆய்வு அலுவலராவது கேட்டிருக்கிறாரா? தலைமை ஆசிரியரைப் பட்டியல் வைத்துக் கண்காணிக்கச் சொல்கிறார்கள். ஈராசிரியர் பள்ளியில் அவரே மூன்று வகுப்புகளுக்கு ஆசிரியர், அவரே எழுத்தர், காலை உணவுக் கணக்குக்கும் அவரே பொறுப்பு. அவர் எதைக் கண்காணிப்பார்?

நாம் கேட்பது பெரிய நிதி ஒதுக்கீடு அல்ல. வாரம் 45 மணி நேரத்துக்குள் இரண்டு மணி நேரத்தைப் பெற்றோர் சந்திப்புக்கென ஒதுக்கி அரசாணை வேண்டும். அதை மாலையிலோ சனிக்கிழமையிலோ வைத்துக்கொள்ளும் உரிமை பள்ளிக்கு வேண்டும். அந்த நேரத்துக்குப் படமோ செயலிப் பதிவோ கேட்கக் கூடாது. பிள்ளையின் பெயருக்கு எதிரே ஆசிரியர் கைப்பட எழுதும் இரண்டு வரி போதும். நூறு நாள் வேலைத்தளத்தில் மாதம் ஒருமுறை பள்ளி அனுமதிச் சீட்டை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று ஊரக வளர்ச்சித் துறையிடமும் பள்ளிக் கல்வித்துறை பேச வேண்டும்.

வாசகர்களான தலைமை ஆசிரியர்களே, அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். நேரத்தை முடிவு செய்யும் பொறுப்பைத் தாய்மார்களிடமே விடுங்கள். தீர்மான நகலை வட்டாரக் கல்வி அலுவலருக்கும் நம் இதழுக்கும் அனுப்புங்கள். வரும் நகல்களைத் தொகுத்துக் கல்வியாண்டு முடிவதற்குள் பள்ளிக் கல்வித்துறைச் செயலரிடம் நேரில் கொடுக்கிறோம்.