கொல்லப்பட்டவர் மீதே பழியா?

ஓய்வெடுக்கத் தீவுக்கு வந்த துப்பறிவாளர் கண்ணெதிரே ஒரு கொலை வழக்கு வந்து நிற்கிறது. அகதா கிறிஸ்டியின் நாவலான ‘ஈவில் அண்டர் தி சன்’ 1941-ல் சொன்ன கதை இது. பெல்ஜியம் காவல்துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற எர்க்யூல் புவாரோ, இங்கிலாந்தின் டெவன் கடற்கரையை ஒட்டிய சிறு தீவிலுள்ள விடுதியில் விடுமுறையைக் கழிக்கிறார். கதைத் தீவுக்கு மாதிரி, அங்கே உண்மையிலேயே இருக்கும் பர்க் தீவு. கடல் உள்வாங்கினால் மணலில் நடந்தே போய்விடலாம். நீர் ஏறினால் பாதை மூழ்கிவிடும்.

வெளியாள் எளிதில் வந்துபோக முடியாது; எனவே சந்தேகம் விடுதிக்குள்ளேயே சுற்றுகிறது.

கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டவர் முன்னாள் நடிகை ஆர்லீனா. ஆண்களை மயக்குபவர் என்று உயிரோடு இருந்தபோதே பலரும் அவரைத் தூற்றினார்கள். கொலைக்கான காரணத்தையும் அவர் நடத்தையிலேயே தேடுகிறார்கள். புவாரோ அந்தப் பேச்சில் மயங்கவில்லை. நேரக் கணக்கையும் சின்னச் சின்னத் தடயங்களையும் பொருத்திப் பார்க்கிறார். ஆர்லீனா வேட்டையாடியவர் அல்ல, வேட்டையாடப்பட்டவர் என்று கண்டுகொள்கிறார். நாவலின் உண்மையான பலம் இந்தப் பார்வைதான்.

இன்றும் ஒரு பெண் கொல்லப்பட்டால், ‘அவள் எப்படிப்பட்டவள்?’ என்ற கேள்விதான் முந்திக்கொண்டு வருகிறது. கொலையாளி ஒளிந்துகொள்ள அதைவிட வசதியான இடமில்லை. செய்தி எழுதுபவர்களும் படிப்பவர்களும் அந்தக் கேள்வியைக் கைவிட வேண்டும்.